பெட்ரோல் சாய்ஞ்ச பக்கம்

தூத்துக்குடிக்குத் தெக்க, உப்பும் உடைமரமும் தவிர வேற ஒண்ணும் விளையாத பனையடித்தட்டுங்கிற ஊர்ல, போட் இன்ஜின் மெக்கானிக் பலவேசம் தன்னோட ரெண்டாவது விமானத்துக்குத் தகரத்துல டேங்க் அடிச்சு, அதுல முதல் தடவையா பெட்ரோல் ஊத்துன அன்னைக்கு, அந்தப் பெட்ரோல் மட்டமா நிக்காம வடக்குப் பக்கமா சாய்ஞ்சு நின்னுச்சு. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பாக்க மதில்ல ஏறி எட்டிப் பாக்குற ஆள் மாதிரி, வடக்குச் சுவத்துல ஒரு சாண் ஏறி, தெக்குப் பக்கம் வெறும் தகரம் தெரிய நின்னுச்சு. பலவேசம் ரசமட்டத்தை எடுத்து டேங்க் மேல வச்சான், குமிழி நடுவுல இருந்துச்சு. கொத்தனார்கிட்ட வேற ரசமட்டம் வாங்கி வச்சான், அதுலயும் நடுவுல இருந்துச்சு. வடக்குப் பக்கத்துக்கு அடியில ஆப்பு கொடுத்துத் தூக்குனான், தூக்குன பக்கமே பெட்ரோல் ஏறி நின்னுச்சு. அவனுக்கு ஆச்சரியம் வரல, எரிச்சல்தான் வந்துச்சு. பெட்ரோல் எங்க தங்குதோ அங்கதான் இன்ஜினுக்கு இறங்குற ஓட்டையைப் போடணும், தங்குறதே இந்த லட்சணத்துல இருந்தா டியூப் போடுறவன் என்னதான் செய்வான்?

மத்தியானம் அது மெல்ல மேற்குப் பக்கமா நகந்துச்சு. சாயங்காலம் திரும்ப வடக்குக்கு வந்துச்சு.

பலவேசத்தோட தங்கச்சி பிரமசக்தி சாப்பாட்டுத் தூக்கோட வந்தவ, கொஞ்ச நேரம் டேங்க்குக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "வடக்க பங்க் இருக்கு, மேற்க அவரு வீடு இருக்கு. மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பாரு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. தூக்கை வச்சுட்டுப் போயிட்டா.

அவரு யாருன்னு அந்த ஊர்ல யாரும் கேக்கமாட்டாங்க. பெட்ரோல் பங்க் ஆதிலிங்கம் அண்ணாச்சி. பலவேசம் கட்டுன முதல் விமானத்தை ஓட்டுனது பிரமசக்தி புருஷன் ஜெயக்கொடி, ஊத்துனது அண்ணாச்சி பங்க் பெட்ரோல். உப்பளத்துக்கு மேல ஒரு பனை உயரம் ஏறுன உடனே இன்ஜின் இருமுச்சு, அப்புறம் நின்னுச்சு, விமானம் உப்புத்தண்ணி தேக்குற தெப்பத்துல தலைகுப்புற விழுந்துச்சு, ஜெயக்கொடி உசிரு அங்கேயே போச்சு. பெட்ரோல்ல இருக்கிற அழுக்கும் தண்ணியும் அடியில தங்கட்டும்னு டியூப்புக்கு நடுவுல பலவேசம் ஒரு கண்ணாடிக் கிண்ணம் மாட்டியிருந்தான். உடைஞ்ச விமானத்துல உடையாமக் கிடந்த அந்தக் கிண்ணத்துல கழுத்து வரைக்கும் தண்ணி நின்னுச்சு. விசாரிக்க வந்த ஆபீசர், உப்பளத்துல விழுந்தா தண்ணி புகாம என்ன செய்யும்னு சொன்னாரு. பலவேசம் அவரு முன்னாலயே அதை வாயில ஊத்திக் குடிச்சுக் காட்டுனான். நல்ல தண்ணி. பெட்ரோல் நாத்தம் அடிச்ச, உப்பு துளிகூட இல்லாத, கிணத்துத் தண்ணி. "உப்புத் தெப்பத்துல விழுந்ததுக்குள்ள நல்ல தண்ணி எங்கேருந்து சார் வந்துச்சு?"ன்னு கேட்டான். ஆபீசரு அதைக் குடிச்சுப் பாக்கல. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, யாரு குடிப்பா?

கேதத்துக்கு ஆதிலிங்கம் அண்ணாச்சி ஆளுயர மாலையோட வந்தாரு. மாலையைப் போட்டுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கூடி நின்ன ஊர் முன்னால, "பெட்ரோல்ல என்ன கிடக்கு, ஊர் வண்டி பூரா அதுலதான் ஓடுது. இவன் டியூப் போட்டதுல தப்பு. போட் இன்ஜின் பாக்குறவனுக்கு ஆகாசம் எதுக்குங்கேன்?"னு சொன்னாரு. அங்க நின்ன அத்தனை பேரு மோட்டார் சைக்கிளும் மழைக்காலத்துல இருமுற வண்டிதான். ஆனா சுத்துவட்டாரத்துல வேற பங்க் கிடையாது, கோயில் கொடைக்குப் பந்தல் போடுறதும் அவருதான். அதனால எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. பிள்ளை இல்லாத ஜெயக்கொடிக்குப் பலவேசம்தான் கொள்ளிக்குடம் சுமந்து, பிரேதம் இடது கைப்பக்கம் இருக்க மூணு சுத்து சுத்தி வந்தான். சுத்துக்கு ஒரு ஓட்டை போட்டாங்க, குடத்துத் தண்ணி முதுகுல ஒழுகுச்சு, டியூப்ல தப்புங்கிற அந்தச் சொல்லும் கூடவே ஒழுகுச்சு.

அன்னையிலேருந்து பிரமசக்தி அண்ணனுக்குச் சோறு போட்டா, துணி துவைச்சா, காய்ச்சல் வந்தா கசாயம் வச்சா. உன் டியூப்ல தப்பு இல்லண்ணேன்னு மட்டும் சொல்லல. தப்புன்னும் சொல்லல. பலவேசம் ரெண்டாவது விமானம் கட்டுனது அதுக்காகத்தான். அதே மாதிரி டியூப் போடணும், அதே பங்க் பெட்ரோலை ஊத்தணும், ஆனா இந்தத் தடவை கேன்ல நிறுத்தி வச்சு, அடியில இறங்குன தண்ணியை விட்டுட்டு ஊத்தணும், அந்த ஆளு தலைக்கு மேல பறக்கணும், விழக் கூடாது. ஊரே அண்ணாந்து பாத்துட்டு, அப்ப டியூப்ல தப்பு இல்லைன்னு அதுவா வாயைத் திறந்து சொல்லணும். அனுமதி வாங்குனானான்னு கேட்டா, பனையடித்தட்டுல மீன்பாடி வண்டிக்கே யாரும் அனுமதி வாங்குறது இல்ல.

பெட்ரோல் சாயுற சேதி ரெண்டு நாள்ல ஊருக்குள்ள பரவுச்சு. பலவேசம் கையால எதுல ஊத்துனாலும் அது அண்ணாச்சி இருக்கிற திசைக்குச் சாயும், அடுத்தவன் ஊத்துனா சும்மா கிடக்கும். டீக்கடை கந்தையா ஒரு பாட்டில்ல கொஞ்சம் ஊத்தித் தரச் சொல்லி, கடையில பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. அண்ணாச்சியப் பாக்கணும்னு வர்றவங்க முதல்ல டீக்கடையில பாட்டிலைப் பாத்துட்டு, "திருச்செந்தூர் பக்கம்லா சாயுது, நாளைக்கு வருவோம்"னு திரும்பிப் போனாங்க. பங்க்ல வேலை பாக்குற பயலுவ ஒரு சின்னக் குப்பியில வாங்கிட்டுப் போயி கல்லாவுக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு, அது மேற்கேருந்து அசையுற வரைக்கும் நல்லாத் தூங்குனானுவ. அண்ணாச்சி சம்சாரம் சந்தனமாரி, வேலைக்காரி மூலமா ஒரு சீசா வாங்கி பூஜை அலமாரியில வச்சுக்கிட்டாங்க. திருநெல்வேலிக்கு வேலையாப் போறேன்னு அவரு சொல்லிட்டுப் போற நாள்ல எல்லாம் அது கோயில்பட்டிப் பக்கமே சாய்ஞ்சு நிக்குதுன்னு அந்தம்மா கண்டுக்கிட்டாங்க, ஆனா வாயைத் திறக்கல. உப்பளத்துக் கங்காணி ஒருத்தரு, "எனக்கும் ஒரு பகையாளி இருக்கான், ஒரு லிட்டர் ஊத்திக் குடு வே"ன்னு கேனோட வந்து நின்னாரு. ஊத்திக் குடுத்தான். அதுவும் ஆதிலிங்கத்துப் பக்கமே சாய்ஞ்சுச்சு. "உம்ம பகைக்கு உம்ம பெட்ரோல்தான் சாயணும், நான் என்ன செய்ய?"ன்னான் பலவேசம்.

கடைசியில அண்ணாச்சியே பாக்க வந்தாரு. ஷெட்டுக்குள்ள நுழைஞ்சு டேங்க்கைச் சுத்தி நடந்தாரு. அவரு நடந்த பக்கமெல்லாம் பெட்ரோலும் உள்ளுக்குள்ள நடந்துச்சு. குனிஞ்சாரு, அலை மாதிரி எம்பி வந்து விளிம்புல மோதுச்சு.

"பாத்தியால பலவேசம்? உனக்கு இல்லாத மரியாதை உன் பெட்ரோலுக்கு இருக்கு. கும்பிடுல்லா போடுது."

"அது கும்பிடா, கழுத்தை எட்டிப் பிடிக்கப் பாக்குதான்னு இன்னும் தெரியல அண்ணாச்சி."

"தெரிஞ்சதும் சொல்லியனுப்பு"ன்னு சிரிச்சுக்கிட்டே அவரு கிளம்புனாரு. பெட்ரோல் வாசப்பக்கம் சாய்ஞ்சு அவரு ஜீப்பு போற வரைக்கும் பாத்துச்சு.

அதுக்கப்புறம் பலவேசம் உக்காந்து யோசிச்சான். தரையில சாக்பீஸ்ல டேங்க்கை வரைஞ்சு, நடுவுல பங்க்கை வரைஞ்சான். பிரமசக்தி பக்கத்துல தாழ்வா ஒரு பலகையில உக்காந்து பருப்புல கல் பொறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா.

"ஓட்டையை முன்பக்கம் போட்டா அவரைப் பாத்துப் பறக்குற வரைக்கும் இன்ஜின் ஓடும். அவரு தலையைத் தாண்டுன நொடி பெட்ரோல் பின்பக்கம் போயிரும். இன்ஜின் நிக்கும். அவரு மேலதான் விழணும்"னான்.

"விழு"ன்னா அவ.

"ஏட்டி, நானும் செத்து அவனையும் கொல்ல விமானம் எதுக்கு, ஒரு அருவா போதாதா? விழுந்தா டியூப்ல தப்புன்னு ஆயிரும். ஜெயக்கொடிக்குச் சொன்னதையே எனக்கும் சொல்வான், ஒரு மாலையோட."

"நாலு பக்கமும் போடு."

"நாலு போட்டா காலியாக் கிடக்குற ஓட்டை காத்தை இழுக்கும், காத்து போனா இன்ஜின் இருமும். ஒரே ஓட்டைதான். பக்கவாட்டுல. அவரு எப்பவும் ஒரே கைப்பக்கம் இருக்கணும், அப்படின்னா அவரை நடுவுல வச்சுச் சுத்திக்கிட்டே இருக்கணும். சுத்துற வரைக்கும் இன்ஜின் நிக்காது."

ஆம்னி வேன்லேருந்து கழட்டுன அந்த இன்ஜின்ல பெட்ரோல் வாங்குற இடம் வலது பக்கம் இருந்துச்சு. டியூப் நீளம் குறையும், வளைவு குறையும்னு ஓட்டையையும் வலது பக்கமே போட்டான். வேலை தெரிஞ்ச எவனும் அப்படித்தான் போடுவான்.

ஒரு செவ்வாக்கிழமை காலையில, உப்பளத்து வரப்பு ரோட்டுல மேற்கப் பாத்து, பங்க் வலது கைப்பக்கம் இருக்கும்படியா ஓடி ஏறுனான். இன்ஜின் ஒரு தடவைகூட இருமல. ஊரைத் தாண்டி, பங்க்கை வலது பக்கம் வச்சுச் சாய்ச்சுத் திருப்புனான். பெட்ரோல் ஓட்டை மேல கனமா உக்காந்துச்சு, இன்ஜின் பாட்டுப் பாடுன மாதிரி ஓடுச்சு, விமானம் அழகா வட்டம் போட்டுச்சு. கீழ ஊரே வெளிய வந்து அண்ணாந்து நின்னுச்சு. பலவேசத்துக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. இந்நேரம் கீழ எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சான்.

கீழ எல்லாரும், "அண்ணாச்சிய வலம் வாரான் பாரு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

சாமியை வலது கைப்பக்கம் வச்சுத்தான சுத்துவாங்க. அதுவும் செவ்வாக்கிழமை. டியூப்பை யாரு நெனச்சா? ஒருத்தி கன்னத்துல போட்டுக்கிட்டா, ஒருத்தரு சூடம் கொளுத்தப் போனாரு, பங்க்ல சூடம் கொளுத்தக் கூடாதுன்னு பயலுவ தடுத்தானுவ. ஆதிலிங்கம் அண்ணாச்சி பம்புக்கு முன்னால வந்து நின்னு, ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுனாரு. மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்புல பிளக்ஸ் நின்னுச்சு. அண்ணாச்சி சிரிச்ச முகமா ஒரு ஆள் உயரத்துக்கு, தலைக்கு மேல குட்டியா விமானம், "விண்ணில் வலம் வந்து வணங்கிய அன்புத் தம்பி பலவேசத்துக்கு ஆசிகள்"னு எழுத்து. அடுத்த செவ்வாக்கிழமையும் வலம் உண்டுன்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிக்கிட்டுப் போனாங்க.

பலவேசம் ஷெட்டுல தலையில கையை வச்சு உக்காந்துட்டான். பிரமசக்தி அன்னைக்குச் சோறு கொண்டு வரல. சாயங்காலமா வெறுங்கையோட வந்து, வாசல்ல நின்னே கேட்டா.

"அண்ணே, சுடுகாட்டுக்கு என்னைய விடல. அங்க எந்தப் பக்கமா சுத்துனே?"

"இடப்பக்கமா."

"எத்தனை?"

"மூணு."

"ஓட்டையை மாத்து"ன்னா. போயிட்டா.

மாத்துறது லேசு இல்ல. டேங்க்கோட இடது பக்கத்துலேருந்து இன்ஜினோட வலது பக்கத்துக்கு டியூப் போகணும், போற வழியில சீட்டு இருக்கு, மிதிக்கிற கட்டை இருக்கு, கம்பி இருக்கு. டியூப் எங்கேயும் மேடு ஏறக் கூடாது, ஏறுனா அந்த மேட்டுல காத்து உக்காந்துக்கும், பெட்ரோலை விடாது. விமானத்து வயித்துக்கு அடியில ஒரு சுத்துச் சுத்தி, வாய்க்கால் வெட்டுறவன் வாட்டம் பாக்குற மாதிரி இஞ்சு இஞ்சா வாட்டம் பாத்து, இறக்கமாவே கொண்டு போனான். பழைய வலது ஓட்டைக்கு இப்போதைக்கு ஒரு போல்ட்டைத் திருகி வச்சான். கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல, ஓடுற போதே கொஞ்சமாப் பெட்ரோலைக் கீழ விடுற மாதிரி ஒரு திருகு குழாயும் வச்சான். அது எதுக்குன்னு கேட்ட கந்தையாகிட்ட, "தண்ணி நின்னா விடுறதுக்கு"ன்னான். பின் சீட்டுல பிரமசக்தி உக்காந்துக்கிட்டா. அந்தக் குழாய் அவ கைக்கு எட்டுற இடத்துல இருந்துச்சு.

அந்தச் செவ்வாக்கிழமை பங்க்ல பந்தல். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு. உப்பளம் தெக்க இருக்கிறதால தெக்கப் பாத்து நாற்காலி போட்டு உக்காந்தாரு. கழுத்துல அவரே வாங்கிட்டு வரச்சொன்ன ரோஜாப்பூ மாலை. யாருக்காவது மனசுல பட்டிருந்தா அப்பவே பட்டிருக்கணும், ஆனா ரேடியோ செட்டு சத்தத்துல யாருக்கும் எதுவும் படல.

விமானம் இந்தத் தடவை வரப்பு ரோட்டுல கிழக்கப் பாத்து ஓடுச்சு, பங்க் இடது கைப்பக்கம். ஏறுச்சு. இடப்பக்கமா சாய்ஞ்சு திரும்புச்சு. முதல் சுத்து பாதி வந்ததும் ஒருத்தரு, "இது என்ன வே, மாத்திச் சுத்துதான்?"னாரு. சுத்து முடியுற இடத்துல பிரமசக்தி திருகைத் திறந்தா. வாலுக்குப் பின்னால மெல்லிசா ஒரு கோடு ஒழுகி, தரைக்கு வாரதுக்குள்ள காத்தோட போச்சு. கீழ நின்ன ஆம்பளைங்க தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாங்க. யாரும் சொல்லிக் கட்டல, கை அதுவாக் கட்டுச்சு. ரெண்டாவது சுத்துல செட்டுக்காரன் பாட்டை நிறுத்துனான். திரும்பவும் கோடு ஒழுகுச்சு. செருப்புப் போட்டிருந்தவங்க கழட்டுனாங்க. மூணாவது சுத்து வந்து, மூணாவது கோடு ஒழுகி முடிஞ்சதும், அத்தனை சனமும் ஒண்ணாத் திரும்பி, பின்னால பாக்காம நடந்து, நேரா குளத்துக்குப் போயி தலையோட முங்கி எழுந்திரிச்சுட்டு வீட்டுக்குப் போயிருச்சு. பந்தல்ல அண்ணாச்சி மட்டும் மாலையோட நாற்காலியில உக்காந்திருந்தாரு.

மேல, பலவேசம் டேங்க்கைத் திரும்பிப் பாத்தான். பெட்ரோல் மட்டமா நின்னுச்சு. சுத்தாம நேராவே கடலைப் பாத்துப் பறந்து போயி, ஹார்பர் கப்பலை எல்லாம் தங்கச்சிக்குக் காட்டிட்டு வந்து இறக்குனான்.

ஊர் அதை ரொம்பச் சாதாரணமா எடுத்துக்கிட்டுச்சு. குடம் உடைக்கலையே, அப்ப எப்படிச் செல்லும்னு டீக்கடையில ஒரு சின்ன வாதம் வந்துச்சு. "விமானத்தை உடைக்கச் சொல்லுதீரா?"ன்னு கந்தையா கேட்டதும் அதுவும் அடங்கிருச்சு. கொள்ளி வச்சவனுக்குப் பங்க்ல பங்கு உண்டான்னு கங்காணி கேட்டாரு. மறுநாள் அதே பஸ் ஸ்டாப்புல, அதே பிளக்ஸ் கடைக்காரன், அதே சிரிச்ச படத்தைப் போட்டு, "கண்ணீர் அஞ்சலி"ன்னு ஒட்டுனான். பங்க் பயலுவ துக்கம் கேட்டுட்டு லீவு எடுத்தானுவ. ஊர்ப் பொம்பளைங்க போயி சந்தனமாரியோட கையைப் பிடிச்சு, "எல்லாத்தையும் இனி நீதான் பாக்கணும் தாயி"ன்னு அழுதாங்க. பக்கத்துல நின்னு, "ஏய், நான் இங்கதான் நிக்கேன்"னு கத்துன மனுசனை யாரும் திரும்பிப் பாக்கல. மூக்குத்திக்கும் தாலிக்கும் ஒண்ணும் ஆகல, அந்தம்மா அதுக்கு ஒத்துக்கல. ஆனா கல்லாச் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, பங்க்குக்குப் பின்னால இருந்த தண்ணிக் குழாயை முதல்ல அடைச்சாங்க. அந்த மழைக்காலத்துல ஒரு வண்டியும் இருமல.

சில நாள் கழிச்சு ஆதிலிங்கம் ஷெட்டுக்கு வந்தாரு. வேட்டி அழுக்கா இருந்துச்சு. பலவேசம் டேங்க்கைக் கழட்டிக் கழுவி, உள்ளுக்குத் தண்ணி விட்டு அலசிக்கிட்டு இருந்தான். பிரமசக்தி மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல ஈயப்பத்து வைக்கிற இரும்பைக் காய வச்சுக்கிட்டு இருந்தா.

"பலவேசம், உனக்காவது நான் தெரியுதாப்பா?"

அவனுக்குத் தெரிஞ்சுச்சு. கொள்ளி வச்சவனுக்குத்தான பிரேதத்தோட மூஞ்சி தெரியும். "சொல்லும்"னான்.

"தண்ணி கலந்தது நான்தான். அன்னைக்கு ஜெயக்கொடிக்கு ஊத்துனதுலயும் தண்ணிதான். உன் டியூப்ல ஒரு தப்பும் கிடையாது. டீக்கடையில நின்னு சொன்னேன், கோயில்ல நின்னு சொன்னேன், ஒருத்தனுக்கும் காது கேக்கல. ஒரே ஒரு தடவை என்னைய வலமா சுத்தி விட்டுரு. ஊர் முன்னால மைக் பிடிச்சுச் சொல்லுதேன்."

எத்தனை நாளா பலவேசம் காத்துக் கிடந்த சொல்லு. தங்கச்சி பக்கம் திரும்பி, "ஏட்டி, கேட்டியா?"ன்னான்.

பிரமசக்தி இரும்பைத் திருப்பி வச்சா. "என்னத்த?"

"இந்தா, இவரு சொல்லுதத."

அவ வாசலைப் பாத்தா. வெயிலைப் பாக்குற மாதிரிதான் பாத்தா. "யாரு?"ன்னா.

ஆதிலிங்கம் அவ முன்னால போயி நின்னு, கையெடுத்துக் கும்பிட்டு, மொதல்லேருந்து திரும்பச் சொன்னாரு. அவ ஸ்டவ்வுக்குக் காத்து அடிச்சா.

"ஒரு தடவை வலமா சுத்துனா நீ கேக்கலாம்"னான் பலவேசம், மெதுவா. "டியூப்ல தப்பு இல்லன்னு அவன் வாயாலயே கேக்கலாம். போல்ட்டைக் கழட்டி அந்தப் பக்கம் மாத்துறது அரை நாள் வேலை."

பிரமசக்தி எழுந்திரிச்சு வந்தா. டேங்க்கோட வலது பக்கத்துல அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பாத்தா.

"உன் டியூப்ல தப்பு இல்லண்ணே. எம்புருஷன் விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சொன்னா நீ அதோட ஆறிப்போயிருவேன்னுதான் சொல்லல"ன்னா. "இதை அடை."

அவ இரும்பை எடுத்து நீட்டுனா. பலவேசம் போல்ட்டைத் திருகிக் கழட்டித் தூரப் போட்டான், ஓட்டை மேல தகரத்துண்டை வச்சு, விளிம்பெல்லாம் ஈயம் ஓடவிட்டு, ஆற வச்சு, டேங்க் நிறையத் தண்ணி ஊத்தி அந்தப் பக்கத்தைக் கையால தடவிப் பாத்தான். முதுகுக்குப் பின்னால ஆதிலிங்கம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு சொட்டு ஒழுகல.